சென்ட் கத்தரின் ரொபி

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால், மொன்றியல் தமிழ்ப் பங்கில் கத்தரின் செபமாலைக்குப் பக்கத்தில் போய் இருக்க ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். பொல்லாத பெண் இல்லை. கோள் சொல்லத் தெரியாது, ஒருவரின் சோலிக்கும் போகமாட்டாள். ஆனால் 'குளிர் தொடங்கிவிட்டுது' என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள்.

“குளிர் தொடங்கினால் ரொபி இழுக்கிற காலம். சென்ட் கத்தரின் ரொபியின்ரை கதை உங்களுக்குத் தெரியுமோ?”

தெரியும் என்றாலும் விடமாட்டாள். தெரியாது என்று உண்மையைச் சொன்ன அப்பாவிகள் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

கதை இதுதான். இந்த ஊரில் வெள்ளைக்காரர் வந்து குடியேறிய புதிதில், மார்கரித் பூர்ஜுவா என்ற பெண்மணி ஒரு தொழுவத்தைத் துப்புரவாக்கி முதற் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் அவரைப் புனிதராக்கினார்கள். புனிதராக வரப்போகிறவர் என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா? அவர்கள் பள்ளிக்கூடப் பக்கமே வரவில்லை. அவர் கரும்புப் பாணியைக் காய்ச்சி, இழுத்து, துண்டுதுண்டாக வெட்டி, பள்ளிக்கூடத்துக்கு வரும் பாதை நெடுக வைத்தாராம். பொறுக்கிக்கொண்டே வந்த பிள்ளைகள் வகுப்பறையில் வந்து நின்றார்களாம். அன்று கார்த்திகை, அதாவது நவம்பர், இருபத்தைந்து; சென்ட் கத்தரின் திருநாள். அதிலிருந்து கியூபெக்கில் அந்த நாளில் இந்த ரொபி மிட்டாய்.

இதற்கு எழுத்தில் ஒரு ஆதாரமும் இல்லை என்று சரித்திரம் படித்தவர்கள் சொல்வதும் கத்தரினுக்குத் தெரியும். “பிள்ளையள் இனிப்புக்குப் பின்னாலை போனதுக்கும் ஆதாரம் வேணுமோ?” என்று கேட்பாள்.

அதோடு நிற்காது. பங்குனி மாதத்தில் உறைபனிக்கு மேல் ஊற்றித் தடியில் சுருட்டித் தின்கிறார்களே, அது மேப்பிள் மரப் பாணி. அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றென்று சொல்பவர்களை அவளுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ஹலோவீன் பையின் அடியில் பிள்ளைகள் தின்னாமல் விட்டுவைக்கிற கறுத்த ரொபி இதற்குத் தங்கச்சி முறை. காய்ச்சி இறக்கும்போது கறுப்பு. இழுக்க இழுக்கக் காற்று உள்ளே போய், நிறம் மாறி, கடைசியில் பொன்னாக வரும். நிறம் மாற்றுவதற்கு ஒரு மருந்தும் கிடையாது, வெறும் காற்று.

எல்லாவற்றையும் சொல்வாள். அந்த நாள் யாருடைய நாள் என்பதை மட்டும் சொல்லமாட்டாள்.

அதை நான் சொல்கிறேன். சென்ட் கத்தரின், கலியாணமாகாத பெண்களின் பாதுகாவலி. இருபத்தைந்து வயதாகியும் கலியாணமாகாமல் இருக்கிற பெண்ணுக்கு அந்த நாளில் ஒரு தொப்பி செய்து தலையில் வைத்துப் பகிடி பண்ணுவது இந்த ஊர்க்காரரின் பழைய வழக்கம். ரொபி இழுக்கிறதும் அந்தக் காலத்தில் குமருகள் பொடியன்களைப் பிடிக்கச் செய்த ஏற்பாடுதான். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்தால், மடித்துப் பிடிக்கும்போது கிட்ட வந்துதானே ஆகவேண்டும்.

கத்தரின் தன் சொந்த ஊரான பேசாலையிலிருந்து இங்கே வந்தது தொண்ணூற்றைந்தில். அண்ணன் ஹென்றி கூப்பிட்டு எடுத்தார். சென்ட் லோரன்டில் ஒரு சின்ன இனிப்புத் தொழிற்சாலையில் இனிப்புகளைத் தாளில் சுற்றுகிற வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறாள். அங்கே எல்லாப் பண்டிகையும் இரண்டு மாதம் முந்தி வந்துபோய்விடும். ஐப்பசியில் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, இனிப்புத் தடி, மார்கழியில் காதலர் நாள் இதயம், மாசியில் பாஸ்கு முட்டை. நத்தார் அன்று தனியே வீட்டில் இருக்கும்போது அவளுக்கு அது ஏற்கெனவே முடிந்துபோன பண்டிகையாகத்தான் தோன்றும்.

இரண்டாம் வருடம், அவளுக்கு இருபத்தாறு வயது. சென்ட் கத்தரின் நாளன்று சாப்பாட்டு நேரம் உள்ளே போனால், வேலையிடத்துப் பெண்கள் எல்லாம் கைதட்டுகிறார்கள். ஜினெத் என்கிற பெரிய உடம்புக்காரி பச்சையும் மஞ்சளுமாகக் கடதாசித் தொப்பி ஒன்றைக் கத்தரினின் தலையில் வைத்தாள். எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். கத்தரினுக்குக் கண் கலங்கிவிட்டது.

பேசாலையில் அவள் வீட்டில் பிறந்தநாளை யாரும் நினைத்து வைத்திருந்ததில்லை. நாமத் திருநாளைத்தான் கொண்டாடினார்கள். எந்தப் புனிதரின் பெயரைத் தாங்கியிருக்கிறோமோ அவருடைய நாள். காலையில் பூசை, பிறகு வீட்டில் ஏதாவது இனிப்பு. கனடாவுக்கு வந்த பிறகு அதை யாரும் நினைக்கவில்லை, அண்ணன்கூட மறந்துபோனார். இந்த அந்நியப் பெண்கள் எப்படியோ அறிந்துவைத்திருக்கிறார்களே என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தொப்பியைக் கழற்றாமல் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். அம்மா அதைத் திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டிவைத்தார். அடுத்த நாள் கத்தரின் பெரிய கேக் ஒன்றை வாங்கிக்கொண்டு போய், ஆளாளுக்கு வெட்டிக் கொடுத்து, ஒவ்வொருவர் கையையும் பிடித்து மெர்சி மெர்சி என்றாள்.

ஜினெத்துக்கு அந்தக் கேக் தொண்டையில் இறங்கவில்லை. என்ன ஏது என்று சொல்ல வாய் வராமல், அந்தச் சனிக்கிழமை கத்தரினைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், கையில் பட்டரைப் பூசிவிட்டு, ரொபி இழுக்கவைத்தாள். அப்படித்தான் அவர்கள் சினேகிதமானார்கள். ஜினெத் சாகும்வரை அது குறையவில்லை.

உண்மை தெரிந்தது இரண்டு வருடம் கழித்து, அதே சாப்பாட்டு அறையில் இன்னொரு பெண்ணின் தலையில் தொப்பி ஏறியபோது. அவள் பெயர் நத்தலி. 'இவளுக்கு ஏன் இன்றைக்கு?' என்று கத்தரின் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். தொப்பி யாருக்கு, ஏன் என்று அவள் சொன்னாள். கத்தரின் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டி முடித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள்.

கலியாணம் ஏன் சரிவரவில்லை என்பதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று இடம் பேசினார்கள், தட்டிப்போனது. பிறகு அண்ணனுக்கு அஜிதா பிறந்தாள். அண்ணனும் அண்ணி றொசானாவும் பகலில் வேலைக்குப் போக, லவாலில் அவர்கள் வீட்டின் நிலவறையில் குடியிருந்த கத்தரின் இரவு வேலைக்கு மாறி, பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளையின் முதற் பல்லைக் கண்டதும், செபம் சொல்லிக் கொடுத்ததும், கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் முதல் நாள் விட்டுவிட்டு வாசலில் நின்று அழுததும் கத்தரின்தான். கலியாணப் பேச்சு நடக்கக்கூடிய காலமெல்லாம் அதிலே போய்விட்டது. அஜிதாவுக்குப் பதினொரு வயதில், றொசானாவின் தாயார் ஊரிலிருந்து வந்ததால் நிலவறை தேவைப்பட்டது. கத்தரின் பகல் வேலைக்குத் திரும்பி, தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை.

ஆனால் சென்ட் கத்தரின் நாளன்று அஜிதா வருவாள். ஐந்து வயதில் நிலவறைக்கு இறங்கி வரத் தொடங்கியதிலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. பள்ளிக்கூடப் பையோடு வந்தாள், பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து மெத்ரோவில் வந்தாள், இப்போது வேலை முடிந்து காரில் வருகிறாள். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுப்பார்கள். வருடத்தில் கத்தரினின் வீட்டுக்கென்று ஒருவர் வருகிற நாள் அது ஒன்றுதான்.

இந்த வருடம் அந்த நாள் செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு முந்திய ஞாயிறு பூசையில், பிரசங்கம் முடிந்து அறிவித்தல் நேரம், சுவாமியார் ஓலை வாசித்தார். கலியாணம் செய்யப்போகிறவர்களின் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்து, தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்கிற வழக்கம் அது. கத்தரின் பணப்பையில் காணிக்கைக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள்.

“லவாலைச் சேர்ந்த ஹென்றி செபமாலை, றொசானா ஆகியோரின் மகள் அஜிதாவுக்கும், ரொக்ஸ்பரோவைச் சேர்ந்த சாரங்கனுக்கும்... இது முதலாம் ஓலை.”

கத்தரின் நிமிர்ந்து பார்த்தாள். வேறு ஹென்றி, வேறு அஜிதா என்று ஒரு கணம் நினைக்கப் பார்த்தாள். முன்வரிசையில் அண்ணனின் பின்னந்தலை தெரிந்தது, அது திரும்பவில்லை.

பூசை முடிந்ததும் யோகமலர் வந்து கையைப் பிடித்தாள். பாடகர் குழுவில் பாடுகிறவள், நல்ல மனிசி.

“மாமிக்காரிக்கு இண்டைக்குக் கால் நிலத்திலை நிக்காதே! றொசானா போன மாதமே சொன்னவ, ஆனா ஓலை வாசிக்குமட்டும் வாய் திறக்கக்கூடாதெண்டு சத்தியம் வாங்கிப்போட்டா.”

“ஓம், எனக்கும் முதலே தெரியும்,” என்றாள் கத்தரின். “நானும் வாயைத் திறக்கேல்லை.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கண்ணீர் வழிந்தபோதும் அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. அவமானம்தான், வேறென்ன. பாடகர் குழுவுக்குத் தெரிந்திருக்கிறது, தூக்கி வளர்த்தவளுக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அஜிதா வருவாளா என்பதுதான் அதற்குப் பிறகு அவளுக்கு இருந்த ஒரே யோசனை. தானாகத் தொலைபேசி எடுத்துக் கேட்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள். வராவிட்டால் அதோடு தெரிந்துவிடும், தான் அந்த வீட்டுக்கு ஒன்றும் இல்லை என்று. வந்தால்? வந்தால் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.

வேலையால் வந்தவள் உடுப்பு மாற்றாமலே அடுப்பை மூட்டினாள். பாணி, மண்ணிறச் சீனி, சோளப் பாகு, கொஞ்சம் வினாகிரி, பட்டர். கொதித்துப் பொங்கி வீடு முழுக்கக் கரும்பு வாசம் வந்தது. குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டாள். உருண்டு கெட்டியாக நின்றது. பதம் வந்துவிட்டது. இனி யாருக்காகவும் காத்திருக்க முடியாது, ஆறினால் கல். அப்பச்சோடாவைப் போட்டுக் கிளறிப் பட்டர் பூசிய தட்டில் ஊற்றினாள்.

அழைப்புமணி அடித்தது.

அஜிதா சப்பாத்தைக் கழற்றி, கையைக் கழுவி, வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினாள். கத்தரின் பட்டர் பூசிவிட்டாள். ஒருவரும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி வாயெடுக்கவில்லை. தட்டில் ஓரம் இறுகத் தொடங்கியதை உள்ளே மடித்து, திரட்டி எடுத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். இழுத்து, கிட்ட வந்து மடித்து, மறுபடியும் இழுத்து. கத்தரின் தன்பாட்டில் பள்ளிக்கூடக் கதையைத் தொடங்கினாள். தொழுவம், பாதை நெடுக வைத்த துண்டுகள்.

“மாமி,” என்றாள் அஜிதா. “அந்தக் கதை எனக்குத் தெரியும்.”

“தெரியுந்தான். வேறை என்னத்தைக் கதைக்கிறது?”

இந்த வேலையில் ஒரு வசதி அல்லது வில்லங்கம், எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம்: நடுவில் கையை எடுக்க முடியாது. எழுந்து போக முடியாது, தொலைபேசியைப் பார்க்க முடியாது. எதிரில் நிற்கிற முகத்தைத்தான் பார்க்கவேண்டும்.

“கோவமோ?”

“சாரங்கன் நல்ல பொடியனோ?”

“ஓம் மாமி. அமைதியானவர். புரட்டாதியிலைதான் வீட்டாக்கள் பேசினவை, எங்கள் ரெண்டு பேருக்கும் பிடிச்சிட்டுது. அவருக்குத் தையிலையிருந்து கல்கரியிலை வேலை. அதாலைதான் நத்தார் முடிஞ்ச கையோடை கோயில் கலியாணம். எல்லாம் கெதியா நடந்திட்டுது.”

“கெதியா நடந்தாலும் பாடகர் குழுவுக்குச் சொல்ல நேரம் இருந்திருக்கு.”

அஜிதா குனிந்துகொண்டாள். பாணி இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது, நடுவில் மட்டும் ஒரு மண்ணிறக் கோடு.

“நீங்கள் கவலைப்படுவியள் எண்டு அம்மா சொன்னவ. ஆறுதலாச் சொல்லுவம் எண்டு.”

“உன்ரை கலியாணத்துக்கு நான் ஏன் பிள்ளை கவலைப்படோணும்?”

“உங்களுக்குச் சரிவரேல்லைத்தானே. எனக்கும் இப்ப இருபத்தஞ்சு. அம்மா அந்தத் தொப்பிக் கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கப்பண்ணுவா. ஆனா நீங்கள் பாத்ரூமுக்கை நிண்டு அழுதது எனக்குத் தெரியும், எனக்கு மட்டுந்தான் நீங்கள் அதைச் சொன்னனீங்கள். அதான் எனக்கும் சொல்லப் பயமா இருந்தது.”

கத்தரினுக்கு நெஞ்சு எரிந்தது. மறந்திருந்தால் மன்னித்துவிடலாம். ஒதுக்கியிருந்தால் சண்டை பிடிக்கலாம். இவர்கள் பாவம் பார்த்திருக்கிறார்கள். லவாலில் மேசையைச் சுற்றி இருந்து, கத்தரினுக்கு எப்படிச் சொல்வது என்று தாயும் தகப்பனும் பிள்ளையும் குரலைத் தாழ்த்திக் கதைத்திருக்கிறார்கள், வருத்தக்காரிக்கு மருந்து கொடுப்பதைப் பற்றிக் கதைப்பதுபோல.

“நல்லா இழு,” என்றாள். “விட்டால் இறுகிப்போம்.”

கொஞ்ச நேரம் இழுத்தார்கள்.

“நான் கட்டாததுக்கு அழுததெல்லாம் பழங்கதை அஜிதா. எப்ப கடைசியா அழுதனான் எண்டு எனக்கே ஞாபகமில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலை முழுச் சனத்துக்கும் தெரிஞ்ச விசயம் எனக்குத் தெரியாமல் இருந்தது பார், அது புதுசு. அதுக்கு அழுதனான். பஸ்ஸுக்கை இருந்து அழுதனான்.”

“மாமி, பிளீஸ்...”

“அழாதை. மூக்குத் துடைக்கக் கையில்லை.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. அஜிதாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள். கத்தரின் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் என்றால் ஓடிப்போய்த் துடைத்திருப்பாள். இன்றைக்குத் தன் முனையை விடவில்லை.

“கல்கரியெண்டால் எவ்வளவு தூரம்?”

“பிளேனிலை நாலரை மணித்தியாலம்.”

நாலரை மணித்தியாலம் பறந்து, கரும்புப் பாணி இழுக்க ஒரு பிள்ளை வராது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. வருவேன் என்று அஜிதா சொல்லவில்லை. அதற்காகவாவது அவளை மெச்சவேண்டும். வளர்த்தவள் பொய் சொல்லப் பழக்கவில்லை.

ரொபி பொன்னிறமாக வந்துவிட்டது. கத்தரின் அதைக் கயிறாகத் திரித்துக் கத்தரிக்கோலால் வெட்ட, அஜிதா மெழுகுத்தாளில் சுற்றி இரண்டு பக்கமும் முறுக்கினாள். புறப்படும்போது பாதியை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள் கத்தரின். கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“மூண்டாம் ஓலை வாசிக்கிற ஞாயிறு, பூசை முடியக் கோயில் வாசலிலை நிண்டு எல்லாருக்கும் ரொபி குடுக்கப்போறன். பொம்பிளை வீட்டாளா நிண்டு குடுக்கப்போறன். கொம்மாவிட்டைச் சொல்லிவிடு. கேட்டுக்கொண்டு வரச் சொல்லேல்லை, சொல்லச் சொல்லுறன். பார், நான் முதலே சொல்லிப்போட்டன். இப்பிடித்தான் ஆக்களுக்குச் சொல்லுறது.”

அஜிதா அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். கார் வெளிக்கிட்ட சத்தம் கேட்டது. கத்தரின் பாத்திரத்தைத் தண்ணீரில் ஊறவைத்தாள்.

பங்குச் சனம் முழுவதற்கும் ரொபி செய்வதென்றால் விளையாட்டில்லை. வேலை முடிந்து வந்து ஒவ்வொரு பின்னேரமும் காய்ச்சினாள். மறுமுனைக்கு ஆள் இல்லாததால் குசினி அலுமாரியின் கைபிடியில் பட்டரைப் பூசி மாட்டிவிட்டு இழுத்தாள். கைபிடி கழன்று வந்தது. திருகாணியை இறுக்கிவிட்டு மறுபடியும் இழுத்தாள். உள்ளங்கையில் கொப்புளம் போட்டது. ஜினெத் இருந்திருந்தால் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு மற்ற முனையைப் பிடித்திருப்பாள். அந்தப் பின்னேரங்களில் கத்தரினுக்குத் தனிமை வழக்கத்தைவிடப் பொல்லாததாக இருந்தது. வானொலியை உரக்கப் போட்டாள், நிற்பாட்டினாள்.

அந்த ஞாயிறு மூன்றாம் ஓலை வாசித்தாயிற்று. பூசை முடிந்து சனம் எழும்புமுன் கத்தரின் வாசல் மண்டபத்தில் பெரிய தட்டோடு நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். அதற்கு மேல் குளிர்ச்சட்டை போடாமல், கதவு திறக்கிறபோதெல்லாம் காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

“எங்கட அஜிதாவின்ரை கலியாணம். எடுங்கோ,” என்றாள் ஒவ்வொருவரிடமும்.

ஆட்கள் எடுத்தார்கள், வாழ்த்தினார்கள், வாயில் போட்டுக்கொண்டு நல்லாயிருக்கு என்றார்கள். அதிசயமாக அன்றைக்கு அவள் ஒருவருக்கும் பள்ளிக்கூடக் கதை சொல்லவில்லை. அண்ணன் ஹென்றி ஒன்றை எடுத்துக்கொண்டு, தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல், காரைச் சூடாக்க வேண்டும் என்று வெளியே போனார்.

யோகமலர் வந்தாள். இரண்டு எடுத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“பொம்பிளை மாப்பிளை ரெண்டு பேரையும் காணேல்லை? எங்கை போட்டினம்?”

றொசானா ஓரிரு அடி தள்ளி, கையுறை போட்டுக்கொண்டு நின்றாள். அவள் காதில் விழுகிற தூரம்தான்.

“எனக்குத் தெரியாது யோகமலர்,” என்றாள் கத்தரின். குரலைத் தாழ்த்தவில்லை. “எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. கலியாணமே ஓலை வாசிக்கேக்கைதான் எனக்குத் தெரியும். அண்டைக்கு உங்களுக்குப் பொய் சொன்னனான்.”

மண்டபத்தில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யோகமலர் ரொபியை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். றொசானாவின் முகம் சிவந்தது. ஒரு கையுறையோடு கிட்ட வந்தாள்.

“கல்கரிக்குப் போட்டினம் மச்சாள். வீடு பாக்க. வெள்ளிக்கிழமை திடீரெண்டு வெளிக்கிட்டவை. உங்களுக்குச் சொல்லோணும் எண்டுதான்...”

கத்தரின் தட்டை மற்றக் கைக்கு மாற்றினாள். திட்டுவதற்கு நிறைய இருந்தது, திட்டினால் இவ்வளவு பேருக்கு முன்னால் அழுகை வந்துவிடும் போலவும் இருந்தது.

“எடுங்கோ மச்சாள்,” என்று தட்டை நீட்டினாள். “கடிக்க வேண்டாம், பல்லிலை ஒட்டும். வாயிலை வைச்சு மெல்லச் சூப்புங்கோ.”

றொசானா ஒன்றை எடுத்துத் தாளைப் பிரித்து வாயில் போட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு புதுக் குடும்பம் வரிசையில் நின்றது, கத்தரினை முன்பின் தெரியாதவர்கள். அந்தப் பெண் தட்டையும் சேலையையும் பார்த்துவிட்டு, நீங்கள் பொம்பிளைக்கு என்ன முறை என்று கேட்டாள்.

“வளர்த்தனான்,” என்றாள் கத்தரின். “எடுங்கோ.”